சாத்தானுக்கும் நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்திலிருந்து ஒன்று வரை, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் பி.ஜி. டி.ஆர்.பி. (அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியர் தேர்வு) ஆங்கிலத்துக்கு வகுப்பு எடுக்கிறேன். கீழே தட்டச்சு இயந்திரங்கள் சடசடவென்று ஓடும். மேலே அந்தச் சத்தத்தை மீறி மில்டனைக் கத்திப் படிப்போம். வார நாட்களில் நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அந்த வேலையில் கௌரவம் பெயரோடு சரி என்று சொல்லிச் சிரித்துக்கொள்வது எங்கள் கூட்டத்தின் வழக்கம். எழுத வந்த விஷயமும் கௌரவம்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

போன வாரம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேம், சாத்தான், ஃபாஸ்டஸ், கோரியோலேனஸ், ஹென்சார்ட், யாரைக் கேட்டாலும் கைடுல 'ப்ரைட்'னுதான் போட்டிருக்கு. ஆப்ஷன்ல 'ப்ரைட்' இருந்தா கண்ண மூடிக்கிட்டு ஷேட் பண்ணிடலாமா?"

அவள் அடுக்கியது எங்கள் பாடத்தில் வரும் கதாபாத்திரங்கள். பண்ணலாம். மார்க்கும் விழும். ஆனால் எனக்கு அன்று மனசு ஒப்பவில்லை. போர்டில் 'ப்ரைட்' என்று எழுதி, இதற்குத் தமிழில் என்னென்ன சொல் தெரியுமோ சொல்லுங்கள் என்றேன். கர்வம், செருக்கு, ஆணவம், அகந்தை, இறுமாப்பு என்று நோட்ஸ் சொற்கள் முதலில் வந்தன. அப்புறம் நிஜமான சொற்கள் வந்தன. திமிர், தலைக்கனம், மண்டைக்கனம், வீம்பு, ரோஷம், கொழுப்பு. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் 'கெத்து' என்றான். கடைசியாக ஒரு பெண், இரண்டு குழந்தைக்குத் தாய், சிரிக்காமல் 'வறட்டு கௌரவம்' என்றாள். அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் போல.

இத்தனை சொற்களும் ஒன்றா? திமிர் பிடித்தவனுக்கும் ரோஷக்காரனுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் தமிழ்நாட்டில் உண்டா? குத்தினால் வருவது ரோஷம். குத்தாமலே வருவது திமிர். தனக்குத்தான் நஷ்டம் என்று நன்றாகத் தெரிந்தும் பிடியை விடாமல் இருப்பது வீம்பு. இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே டப்பாவில் போட்டு மூடி, நாம் அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

சாத்தானிடமிருந்து தொடங்குகிறேன். கடவுளை எதிர்த்துத் தோற்று நரகத்தில் விழுந்த சாத்தான், பழிவாங்க ஆதாமையும் ஏவாளையும் கெடுத்த கதையைச் சொல்லும் மில்டனின் ஆங்கிலக் காவியம் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667-இல் வந்தது. மில்டன் அதை எழுதவில்லை, சொன்னார். 1652 வாக்கிலேயே பார்வை முழுக்கப் போய்விட்டது. இரவில் மனசுக்குள் வரிகள் சேர்ந்துவிடும். காலையில் எழுதிக்கொள்ள ஆள் வரத் தாமதமானால், 'என்னைக் கறக்க ஆள் இல்லை' என்று முனகுவாராம். பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்றில் இருக்கிறது இது. மடி கனத்த பசுவாகத் தன்னை நினைத்துக்கொண்ட அந்த மனிதர், அரசன் தலையை வெட்டிய ஆட்சிக்கு அயல்மொழிச் செயலராக இருந்தவர். 1660-இல் அரசனின் மகன் திரும்பி வந்து அரியணை ஏறினான். மில்டனின் நூல்களை எரித்தார்கள், அவரைக் கொஞ்ச நாள் சிறையில் வைத்தார்கள். தோற்ற கட்சிக்காரர். பதிப்பாளர் முன்பணமாகக் கொடுத்தது 5 பவுண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு முதல் காண்டத்தைப் படித்தால், தோற்றுப்போன படைக்கு நடுவில் எழுந்து நிற்கும் சாத்தான் மேல் ஏன் அவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று புரியும். மில்டன் தன்னை அறியாமலே சாத்தான் கட்சிக்காரர் என்று 1790-களில் கவிஞர் வில்லியம் பிளேக் எழுதிவைத்தார். அதை மறுக்கப் பாதிப் பேராசிரியர்கள், ஆமோதிக்க மீதிப் பாதி என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

'சொர்க்கத்தில் சேவகம் செய்வதைவிட நரகத்தில் ஆள்வது மேல்.' இந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் சாத்தானிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கெத்தான வரி, சந்தேகமில்லை. ஆட்டோ முதுகில் எழுதலாம். ஆனால் அதே காண்டத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. அவன் கையிலுள்ள ஈட்டிக்கு முன்னால் நார்வே மலையில் கப்பல் கொடிமரத்துக்காக வெட்டிய பைன் மரம் வெறும் குச்சி என்கிறார் மில்டன். அடுத்த மூச்சிலேயே, கொதிக்கும் மண்ணில் கால் வைக்க முடியாமல் அந்த ஈட்டியை ஊன்றி ஊன்றி நடக்கிறான் என்கிறார். ஊன்றுகோல்! அப்புறம் படையின் முன்னால் பேச வாயெடுக்கிறான். மூன்று முறை முயல்கிறான், மூன்று முறையும் அழுகை முந்திக்கொள்கிறது. கைடில் இந்த அழுகை இல்லை.

எனக்குப் பிடித்த இடம் நாலாம் காண்டம். சாத்தான் தனியாகப் பூமிக்கு வந்து நிஃபாட்டீஸ் மலைமேல் நிற்கிறான். உச்சி வெயில். படை இல்லை, கேட்க ஆள் இல்லை, கைதட்ட ஆள் இல்லை. சூரியனைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறான். (இந்தக் காவியத்தை முதலில் நாடகமாக எழுத நினைத்தபோது மில்டன் போட்ட தொடக்க வரிகள் இவைதான் என்று அவருடைய தங்கை போல... இல்லை, அக்கா மகன் எட்வர்ட் ஃபிலிப்ஸ் சொல்லியிருக்கிறார். வகுப்பிலும் இந்த உறவுமுறையை நான் தடுமாறித்தான் சொல்வேன்.) ஒண்டியாக நிற்கும் அந்த இடத்தில் அவன் உண்மை பேசுகிறான். கடவுள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, என்னைப் படைத்தார், உயரத்தில் வைத்தார், பதிலுக்கு நன்றி ஒன்றுதான் கேட்டார். அதில் என்ன கஷ்டம் எனக்கு? நான் எங்கே ஓடினாலும் நரகம், நானே நரகம்.

அப்படியே இன்னும் ஒரு படி போகிறான். மன்னிப்புக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பணிய வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை என் இளப்பம் தடுக்கிறது, கீழே இருக்கிறார்களே அவர்கள் முன்னால் வரப்போகும் வெட்கமும் தடுக்கிறது. நான் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று சொல்லித்தானே அவர்களைக் கூட்டி வந்தேன்? இப்போது போய்ப் பணிந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

என் அத்தை மகள் கல்யாணம். மற்ற வீடுகளுக்கெல்லாம் அத்தையும் மாமாவும் தட்டு எடுத்துக்கொண்டு நேரில் போய் அழைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் வந்த ஒருவர் கையில் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அண்ணன்தானே, உரிமையோடு வந்துவிடுவார் என்று அத்தை நினைத்திருக்கிறாள். அப்பா அந்தப் பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை, டிவி மேல் கிடந்தது. முகூர்த்தத்தன்று விடிகாலையில் எழுந்து சவரம் செய்து, குளித்து, இஸ்திரி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு டெலிபோன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பேப்பரைப் பிரித்து வைத்திருந்தார், பக்கம் திருப்பவில்லை. ஒரு போன் வந்திருந்தால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருப்பார். அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "நானா போய் நின்னா நாலு பேர் என்ன சொல்லுவான்?" என்றார். பத்தே முக்காலுக்கு எழுந்து, வேட்டியை மாற்றிக் கைலி கட்டிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

அந்த நாலு பேர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லார் வீட்டிலும் பேச்சில் வருகிறார்கள், ஒருநாளும் நேரில் வருவதில்லை. சாத்தான் கடவுளுக்குப் பயப்படவில்லை, இடிக்குப் பயப்படவில்லை, நெருப்பு ஏரிக்குப் பயப்படவில்லை. நாலு பேருக்குப் பயந்தான். எதிர்த்து நிற்பவன் யாரை எதிர்க்கிறான் என்றுதான் பாடப்புத்தகம் கேட்கிறது. யார் முன்னால் அவனால் தலைகுனிய முடியவில்லை என்று கேட்டால் கதை வேறாகத் தெரிகிறது.

கம்பன் இதை ஒரே பாட்டில் முடித்துவிட்டான். முதல் நாள் போரில் எல்லாவற்றையும் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பிய இராவணன் படுத்திருக்கிறான். வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் சிரிப்பார்கள் என்பதற்கெல்லாம் அவன் வெட்கப்படவில்லையாம். 'சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்.' வ.வே.சு. ஐயர் கம்பனையும் மில்டனையும் அருகருகே வைத்துப் பார்த்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இராவணனின் நாலு பேர் ஒரே ஒரு ஆள் என்பது மட்டும் என் கணக்கு.

சாத்தானின் நாலு பேர் அவனுக்குப் பத்தாம் காண்டத்தில் பதில் சொல்கிறார்கள். ஏதேன் வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறான். நேராக வந்திருக்கலாம், வரவில்லை. சாதாரணச் சிப்பாய் வேஷத்தில் கூட்டத்துக்குள் நுழைந்து, யாரும் பார்க்காமல் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து, அப்புறம் பளீரென்று வெளிப்படுகிறான். என்ட்ரி! நீண்ட பேச்சு. மனிதனை எதை வைத்துக் கவிழ்த்தேன் தெரியுமா, ஓர் ஆப்பிள், சிரிக்க மாட்டீர்களா என்கிறான். பேச்சை முடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான், கைதட்டலுக்காக. நாலாப்பக்கமும் 'உஸ்ஸ்' என்ற சத்தம். அத்தனை பேரும் பாம்பாகிவிட்டார்கள், அவனும் வயிற்றால் ஊர்கிறான். அவர்கள் கைதட்டத்தான் நினைத்தார்கள். நாக்கு அப்படி ஆகிவிட்டது. எந்தக் கூட்டத்தின் முன் தலைகுனியக்கூடாது என்று மன்னிப்பை விட்டானோ, அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து தரையில் ஊர்வது. மில்டன் இங்கே ஈவிரக்கம் இல்லாத ஆள். பிளேக் இந்தப் பக்கத்தை எப்படிப் படித்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

சரி, ஃபாஸ்டஸ். இது திமிர். அதிலும் படித்த திமிர்.

'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாடகத்தை எழுதிய மார்லோ, கான்டர்பரியில் செருப்புத் தைப்பவரின் மகன். உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனார். 29 வயதில், 1593 மே 30 அன்று, டெட்ஃபர்டில் ஒரு வீட்டில், சாப்பாட்டுக் கணக்கு யார் கட்டுவது என்ற சண்டையில் கண்ணுக்கு மேல் கத்தி இறங்கிச் செத்தார். விசாரணைப் பதிவு அப்படிச் சொல்கிறது. நாடகம் அச்சானது அதற்கு அப்புறம். 1604-இல் ஒரு பாடம் (அச்சு வடிவம்), 1616-இல் இன்னொன்று.

முதல் காட்சியில் ஃபாஸ்டஸ் தன் படிப்பறையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தள்ளுகிறான். தத்துவம் முடிந்தது, மருத்துவம் முடிந்தது, சட்டம் குமாஸ்தா வேலை. கடைசியாக பைபிள். திறக்கிறான். 'பாவத்தின் சம்பளம் மரணம்.' அவ்வளவுதானா என்று மூடிவிடுகிறான். நம் ஊரில் சாலையோரப் பாறைகளிலும் சுவர்களிலும் வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதியிருக்குமே, அதே வசனம். அதற்கு இரண்டாவது பாதி இருக்கிறது: 'தேவனுடைய கிருபைவரமோ' என்று தொடங்கி நித்தியஜீவனில் முடியும் பாதி. நாட்டிலேயே பெரிய அறிஞன், அரை வசனத்தைப் படித்துவிட்டு இருபத்து நாலு வருட மந்திர சக்திக்காகத் தன் உயிரைப் பிசாசுக்கு எழுதிக் கொடுக்கிறான். 1616 பாடத்தில் மெஃபிஸ்டாஃபிலிஸ் என்ற பிசாசு கடைசியில் வந்து, நீ பைபிளை எடுத்தபோது பக்கத்தைத் திருப்பி உன் கண்ணைத் திசைமாற்றியது நான்தான் என்று பெருமையடிக்கிறான். எனக்கு 1604 பாடம்தான் பிடிக்கும். அதில் யாரும் திருப்பவில்லை. அவனே பாதியில் நிறுத்துகிறான். பாதி மட்டும் படித்துவிட்டு முழுசும் தெரிந்துகொண்டதாக நினைப்பது என்ன வியாதி என்று எனக்குத் தெரியும். வாராவாரம் விடைத்தாள் திருத்துகிறேன்.

ஜெர்மனியைச் சுற்றி வெண்கலச் சுவர் எழுப்புவேன் என்றவன் அந்த இருபத்து நாலு வருடத்தில் செய்ததைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் போய்ப் போப்பாண்டவரின் தட்டிலிருந்து சாப்பாட்டைப் பிடுங்கி, காதில் ஓர் அறை விடுகிறான். கேலி செய்த ஒரு வீரனின் தலையில் கொம்பு முளைக்க வைக்கிறான். குதிரை வியாபாரியை ஏமாற்றுகிறான். மசக்கையில் இருக்கும் சீமாட்டி ஒருத்தி ஜனவரியில் திராட்சை கேட்கிறாள், வரவழைத்துத் தருகிறான். இதற்கா? ஒரு பிளிங்கிட் வேலைக்கா உயிரை எழுதிக் கொடுத்தான்? இந்தக் காட்சிகளை மார்லோ எழுதவில்லை, வேறு யாரோ சேர்த்தார்கள் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கென்னவோ இவைதான் நாடகத்தின் உயிர் என்று தோன்றுகிறது. சாத்தானுக்காவது ஒரு படை இருந்தது. இவன் பக்கத்தில் இருப்பது மெஃபிஸ்டாஃபிலிஸ் ஒருவன்தான், அவன் இவனைப் பார்த்து அசரப்போவதே இல்லை. நரகமா, அது கட்டுக்கதை என்று ஃபாஸ்டஸ் சொல்லும்போது, அனுபவம் உன் மனசை மாற்றும்வரை அப்படியே நினைத்துக்கொள் என்கிறான். எவ்வளவு களைப்பான பதில்! அதனால்தான் ஃபாஸ்டஸ் அரண்மனை அரண்மனையாகப் போய் வித்தை காட்டிக் கைதட்டு வாங்குகிறான். நாலு பேரைத் தேடி அலையும் திமிர் அது.

கெடு முடியும் கடைசி மணி நேரத்தை வகுப்பில் உரக்கப் படிப்போம். மணி பதினொன்று அடிக்கும். பன்னிரண்டு அடிப்பதற்குள் ஏறக்குறைய அறுபது வரிதான். போன முறை ஒரு பையன் மொபைலில் நேரம் பார்த்தான். ஒரு மணி நேரம் நாலரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரவின் குதிரைகளே மெல்ல ஓடுங்கள் என்று லத்தீனில் கெஞ்சுகிறான். அது ரோமானியக் கவி ஓவிடின் காதல் கவிதை வரி, காதலியோடு படுத்திருப்பவன் விடியாதே என்று விடியலிடம் மன்றாடும் கவிதையில் வருவது. சாகும் நேரத்திலும் மேற்கோள்! அப்புறம் மேற்கோளெல்லாம் உதிர்ந்துபோகிறது. ஆயிரம் வருடம் நரகத்தில் இருக்கிறேன், ஒரு லட்சம் வருடம் இருக்கிறேன், கடைசியில் விட்டுவிடுங்கள் என்று பேரம் பேசுகிறான். என் உயிர் சின்னச் சின்ன நீர்த்துளியாகிக் கடலில் விழட்டும் என்கிறான். முடிவாக ஒரு கத்தல்: என் புத்தகங்களை எரித்துவிடுகிறேன். மாணவர்கள் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள். என்ன சத்தம் கேட்டாலும் உள்ளே வராதீர்கள் என்று அவனே சொல்லி அனுப்பிவைத்தான். அன்று கீழே டைப்ரைட்டிங் பேட்ச் முடிந்து இயந்திரங்கள் நின்றிருந்தன. பன்னிரண்டாவது மணி அடித்ததாகப் படித்தபோது யாரும் அசையவில்லை.

நடுவில் ஒருவன் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலின் நாயகன் ஹீத்கிளிஃபைப் பற்றிக் கேட்டான். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது என்று சொல்லிக் கடந்துவிட்டேன். பாதி பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டு, மீதியைக் கேட்காமல் மூன்று வருடம் ஓடிப்போனவன், ஃபாஸ்டஸின் அரை வசனத்துக்குத் தம்பி. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் விஞ்ஞானி உருவாக்கிய பிராணிதான் இந்தக் கூட்டத்தில் பாவம். காட்டில் கிடைத்த 'பாரடைஸ் லாஸ்ட்' பிரதியைப் படித்துவிட்டு, தான் ஆதாமா சாத்தானா என்று யோசிக்கிறது. சாத்தானுக்காவது கூட்டாளிகள் இருந்தார்கள், எனக்கு அதுவும் இல்லை என்கிறது. 1818-லேயே மேரி ஷெல்லிக்கு இந்த நாலு பேர் கணக்கு தெரிந்திருக்கிறது.

கோரியோலேனஸ் ரோஷக்காரன். ஷேக்ஸ்பியரின் கடைசித் துன்பியல்களில் ஒன்று, 1608 வாக்கில் எழுதியது. ஹேம்லெட், மேக்பெத் அளவுக்கு யாரும் படிப்பதில்லை, சிலபஸில் இருந்தால் திட்டிக்கொண்டே படிப்பார்கள். எனக்கு மேக்பெத்தைவிட இது பிடிக்கும்.

ரோமில் கான்சல் என்ற உச்சப் பதவிக்கு நிற்பவன் சாதாரண அங்கி போட்டுக்கொண்டு சந்தையில் நின்று, தன் தழும்புகளைக் காட்டி மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். இவனுக்குத் தழும்புக்குக் குறைவில்லை. இவன் அம்மா வொலம்னியாவும் கிழவர் மெனினியஸும் மகன் உடம்புக் காயத்தை நகைக் கணக்குப் போல எண்ணுகிறார்கள். போன சண்டைவரை இருபத்தைந்து, இப்போது இருபத்தேழு. ஆனால் காட்ட மாட்டேன் என்கிறான். சந்தையில் நின்றுகொண்டு, இந்தப் பதவிக்கு உங்கள் விலை என்ன என்று இளக்காரமாகக் கேட்கிறான். பெயரில்லாத ஒரு குடிமகன் பதில் சொல்கிறான்: "அன்பா கேளு, அதான் விலை." நாடகத்திலேயே நல்ல வசனத்தை யாரோ ஒரு வழிப்போக்கனுக்குக் கொடுத்திருக்கிறார் ஷேக்ஸ்பியர்.

அந்த விலையை அவனால் கொடுக்க முடியவில்லை. ஊரை விட்டுத் துரத்துகிறார்கள். நான் உங்களைத் துரத்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். போய், ஜென்ம விரோதியான வோல்சியப் படைத்தலைவன் ஆஃபிடியஸோடு சேர்ந்து ரோமை எரிக்கப் படையோடு வருகிறான். பார்த்தால் நாலு பேரைப் பற்றிக் கவலையே இல்லாத ஒரே நாயகன். தன்னைத்தானே பெற்றுக்கொண்டவன் போல, உற்றார் உறவினர் தெரியாதவன் போல நிற்பேன் என்கிறான்.

ஆனால் அவனுக்கும் ஓர் ஆள் உண்டு. முன்னே ஓட்டுக் கேட்கப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தபோது அம்மா சொன்னாள்: உன் வீரம் என்னிடம் பாலாகக் குடித்தது, திமிர் மட்டும் உன் சொந்தம், உன் இஷ்டம் போல் செய். உடனே அந்த இருபத்தேழு தழும்புக்காரன், "அம்மா, திட்டாதே, சந்தைக்குத்தான் போறேன்" என்று கிளம்பினான். சிரிப்பு வரும் காட்சி. அதே அம்மா ஐந்தாம் அங்கத்தில், எரியப்போகும் ஊருக்கு வெளியே, மகன் முன்னால் மண்டியிடுகிறாள். நீளமாகப் பேசுகிறாள், அவன் மசியவில்லை. கடைசியில் எழுந்து, வாங்க போகலாம், இவனைப் பெற்றவள் வோல்சிய நாட்டுக்காரியாக இருக்கும், பேரன் இவன் ஜாடையில் இருப்பது தற்செயல் என்கிறாள். இங்கே 1623 அச்சுப் பிரதியில் ஒரு குறிப்பு இருக்கிறது: அவள் கையைப் பிடித்தபடி, மௌனமாக. அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் ஆட்கள் பேசாமல் இருப்பது அபூர்வம். அப்புறம்தான், அம்மா, என்ன செய்துவிட்டாய், ரோம் பிழைத்தது, உன் மகன் பிழைக்கமாட்டான் என்கிறான். அவளிடமிருந்து பதிலே இல்லை. அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பணிந்தவனையும் விடவில்லை பாருங்கள். சாத்தான் பணியாமல் கெட்டான், இவன் பணிந்து கெட்டான். வோல்சியர் ஊரில் ஆஃபிடியஸ் எல்லார் முன்னாலும் இவனை 'அழுகிற பொடியன்' என்கிறான். 'பொடியன்' என்ற ஒரு சொல். அதைத் தாங்க முடியாமல், உங்கள் ஊரில் புறாக்கூண்டில் புகுந்த கழுகு போல ஒண்டியாக நுழைந்து அடித்தவன் நான் என்று, அப்பனையும் பிள்ளையையும் தன்னிடம் பறிகொடுத்த கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்துகிறான். அதோடு முடிந்தது கதை.

மணி ஒன்றாகிவிட்டது. ஹென்சார்டுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அன்று பாதியில் விட்டதால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' 1886. வைக்கோல் கட்டும் கூலியாள் மைக்கேல் ஹென்சார்ட், ஒரு சந்தையில் ரம் கலந்த கஞ்சி குடித்துவிட்டு, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் ஒரு மாலுமிக்கு ஐந்து கினிக்கு விற்றுவிடுகிறான். மறுநாள் தெளிந்ததும் சர்ச்சுக்குப் போய், எனக்கு இப்போது வயது 21, இன்னும் 21 வருடம் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். காப்பாற்றவும் செய்கிறான். இது வைராக்கியம், போர்டில் நாங்கள் எழுத மறந்த சொல். ஊருக்கே மேயராகிறான். அப்புறம் ஒவ்வொன்றாகப் போகிறது. தொழில், வீடு, பெயர். கடைசியில் மிச்சம் இருப்பது எலிசபெத்-ஜேன், தன் மகள் என்று நினைத்து, இல்லை என்று தெரிந்து, ஆனாலும் மகளாகவே ஆகிவிட்ட பெண். அவளைப் பெற்ற அந்த மாலுமி தேடி வந்தபோது, அவள் செத்துவிட்டாள் என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறான். அது வெளிப்படும் முன்பே ஊரை விட்டுப் போகிறான்.

அவள் கல்யாணத்தன்று திரும்பி வருகிறான். கையில் கூண்டு, உள்ளே ஒரு கோல்ட்ஃபின்ச் குருவி, மேலே நியூஸ்பேப்பர் சுற்றியிருக்கிறது. முன்வாசலில் போகக் கூச்சம். பின்பக்கமாக நுழைந்து, கூண்டை ஒரு புதர் அடியில் வைத்துவிட்டு உள்ளே போகிறான். அவள், இத்தனை நாள் என் அப்பாவைப் பற்றி என்னை ஏமாற்றிவிட்டீர்களே என்கிறாள். அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. வாதாடித் தப்பித்துக்கொள்ளும் அளவுக்கு அவன் தன்னைப் பெரிதாக மதிக்கவில்லை என்று எழுதுகிறார் ஹார்டி. இனி உனக்குத் தொந்தரவு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விடுகிறான். குருவியைச் சொல்லவே இல்லை. சில நாள் கழித்து, கூண்டின் அடியில் ஒரு சின்ன இறகு உருண்டையாகக் கிடக்கிறது அது.

என் அத்தை, கல்யாணம் முடிந்த நாலாம் நாள் தாம்பூலப் பையோடு வந்தாள். அப்பா கொல்லைப்புறம் போய்விட்டார். பை டிவி மேல், பிரிக்காத பத்திரிகைக்குப் பக்கத்தில் இருந்தது. தேங்காய் அழுகிய நாற்றம் வந்த பிறகுதான் அம்மா எடுத்துப் போட்டாள்.

எலிசபெத்-ஜேன் அவனைத் தேடிப் போகும்போது நேரம் கடந்துவிட்டது. ஒரு பாழடைந்த குடிசையில் ஏபெல் விட்டில் இருக்கிறான். ஒருகாலத்தில் வேலைக்குத் தாமதமாக வந்தான் என்று ஹென்சார்ட் கால்சட்டைகூடப் போடவிடாமல் இழுத்துவந்து அவமானப்படுத்திய அதே விட்டில். போ போ என்று துரத்தியும் போகாமல் கடைசிவரை கூட இருந்தவன் அவன் ஒருவன்தான். என் அம்மாவுக்குக் குளிர்காலத்தில் கரி அனுப்பினார் ஐயா, அதனால்தான் என்கிறான்.

நம்மில் எவ்வளவு வீம்பு பிடித்தவரும் ஒன்றை ஒப்புக்கொள்வார்: கடைசியில் தூக்க நாலு பேர் வேண்டும். ஹென்சார்ட் அதையும் வேண்டாம் என்றுவிட்டான். கட்டிலின் தலைமாட்டில் பென்சிலில் எழுதிய காகிதம் ஒன்று குத்தியிருக்கிறது. எலிசபெத்-ஜேனுக்கு என் சாவைச் சொல்லவேண்டாம். மணி அடிக்கவேண்டாம். என் உடலை யாரும் பார்க்கவேண்டாம். என் பின்னால் யாரும் நடந்து வரவேண்டாம். என் குழியில் பூச்செடி நடவேண்டாம். என்னை யாரும் நினைக்கவேண்டாம். இதற்குச் சாட்சியாக என் பெயரை இடுகிறேன் என்று சொல்லி, கீழே முழுப் பெயர், பெரிய எழுத்தில்.

விட்டிலுக்குப் படிக்கத் தெரியாது. என்னவோ எழுதியிருக்கு, எடுத்துட்டு வந்து காட்டறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போகிறான்.